செபஸ்தியம்மாளின் மனத்தாங்கல்

செபஸ்தியம்மாள் டீச்சருக்கு யார் மேலும் கோபம் கிடையாது. இதை அவளே சொல்வாள், கேட்காதவர்களிடமும் சொல்வாள். திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தின் மூன்றாம் வகுப்பில் முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தியவள். கோபம் என்பது பிள்ளைகள் மேல் வருவது, மணியடித்தால் போய்விடுவது என்று அவளுக்கு ஒரு கணக்கு உண்டு. அண்ணன் மனைவி வினோலியா மேல் அவளுக்கு இருந்தது கோபமே அல்ல. அது மனத்தாங்கல். 1994 ஜனவரி முப்பத்தொன்றாம் தேதி பொழுது சாயும் நேரத்தில் ஆரம்பித்து, 2004 பிப்ரவரி ஏழாம் தேதி பிற்பகல் வரைக்கும், பத்து வருடமும் ஒரு வாரமும் அது அவளிடம் இருந்தது. இதற்கு நடுவில் அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தார்கள். ஒரு பேரனும் ஒரு பேத்தியும் பிறந்தார்கள். வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து, மாலை போட்டு, சுவர்க்கடிகாரம் ஒன்றும் கொடுத்து அனுப்பினார்கள். மனத்தாங்கல் மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

இந்தச் சொல்லுக்கு அகராதியைப் பிரித்தால் மன வருத்தம், அதிருப்தி என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அகராதி எழுதியவர்களுக்கு மதினிமார் யாரும் இருந்திருக்கமாட்டார்கள் போலிருக்கிறது. ரேஷன் கடையில் சீனி இல்லையென்றால் வருவது அதிருப்தி. அது மனு எழுதுவதற்கான சொல். புருசன் பெண்டாட்டிக்குள் வருவது சடவு. நல்ல குழம்பு ஒன்று வைத்தால் மூன்றாம் நாள் அதன் சுவடு இருக்காது. பகை என்றால் வாய்க்கால் வரப்பு, போலீஸ் ஸ்டேஷன் என்று போய்விடும். மனத்தாங்கல் இவை எதிலும் சேராது. அது சொந்தத்துக்குள் மட்டுமே விளைகிற பயிர். பஸ்ஸில் காலை மிதித்தவன் மேல் யாரும் மனத்தாங்கல் கொள்ள முடியாது; அதற்கு அவன் ஒரு தடவையாவது நம் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்க வேண்டும்.

அதற்கு ஒரு முறையும் இருந்தது. மனத்தாங்கல் உள்ளவர் அதைத் தானாகச் சொல்லக்கூடாது. சொன்னால் அது சண்டையாகிவிடும். யாரால் வந்ததோ அவர் வாசல் ஏறி வந்து, என் மேல் என்ன மனத்தாங்கல் என்று கேட்க வேண்டும். முதல் தடவை கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில். இரண்டாம் தடவை, "எனக்கென்ன இருக்கு" என்று பதில். மூன்றாம் தடவையும் கேட்டால்தான் மூடி திறக்கும். அழுகை, காப்பி எல்லாம் அதற்குப் பிறகு. அப்படிக் கேட்க ஆள் வராத வரைக்கும் அது கெடாது. உப்பு சரியாகப் போட்ட நார்த்தங்காய் மாதிரி, வருடம் ஆக ஆக நிறம் கூடி நிற்கும்.

இதில் செபஸ்தியம்மாளுக்கு மார்க்க ரீதியான வசதி ஒன்றும் இருந்தது. ஒரு தவக்காலத்தில், பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போயிருந்தபோது, புதிதாக வந்திருந்த இளம் சாமியார், யார் மேலாவது பகை வைத்திருக்கிறீர்களா அம்மா என்று கேட்டார்.

"பகை இல்ல சாமி. மனத்தாங்கல்தான்."

சாமியார் சற்று யோசித்தார். பகைக்கும் கோபத்துக்கும் அவர் படித்த புத்தகங்களில் பக்கம் பக்கமாக இருந்தது. இதற்கு ஒரு வரியும் இல்லை. சரி, அந்த ஆளுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லி மூன்று அருள்நிறை மந்திரத்தோடு அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து செபஸ்தியம்மாள் தினமும் செபமாலையின் கடைசிப் பத்து மணியை வினோலியாவுக்காக ஒப்புக்கொடுத்தாள். ஆண்டவரே, மதினிக்கு நீண்ட ஆயுசைக் கொடும் என்று வேண்டினாள். உண்மையாகவே வேண்டினாள். வந்து கேட்காமல் மதினி செத்துப்போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் அவளுக்கு எப்போதும் இருந்தது.

நடந்தது இதுதான். அவளுடைய ஒரே மகள் பிரிஸ்கில்லாவுக்குக் கொடைரோட்டில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். பையன் பெயர் ஸ்டான்லி, மஸ்கட்டில் வேலை. தூரத்துச் சொந்தம்தான், பையனுடைய அப்பாவைப் பெற்றவளும் செபஸ்தியம்மாளைப் பெற்றவளும் கூடப்பிறந்தவர்கள். முறையும் சரியாக இருந்தது. பிப்ரவரி ஒன்பதாம் தேதி புதன்கிழமை கல்யாணம், இருபத்தைந்தாம் தேதி பையனுடைய லீவு முடிகிறது என்று எல்லாம் அளந்து வைத்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்கவிருக்கிறது, தடை ஏதும் இருப்பதாகத் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் வந்து சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று பூசை முடிவில் அறிவிப்பது. தலைமுறை தலைமுறையாக வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவரும் போய் ஒன்றும் சொன்னதில்லை. அந்தக் கடைசி வரியை மக்கள் காது கொடுத்துக் கேட்பதுகூட இல்லை, அந்நேரம் செருப்பைத் தேட ஆரம்பித்திருப்பார்கள்.

இரண்டாம் ஓலை வாசித்த மறுநாள் திங்கட்கிழமை யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். பெண்ணுடைய பாட்டியும் பையனுடைய பாட்டியும் அக்காள் தங்கை, மூன்றாம் தலைமுறை ரத்தம், இதற்குத் திருச்சபைச் சட்டத்தில் தடை உண்டு என்று சொல்லப்பட்டது. பங்குச் சாமியார் வயதானவர், எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் பேனாவை இரண்டு தடவை உதறுகிறவர். திண்டுக்கல் அப்போது திருச்சி மறைமாவட்டத்தில் இருந்தது. அங்கே இருக்கிற மேற்றிராணியாருக்கு, அதாவது பிஷப்புக்கு, கடிதம் எழுதிவிட்டு, பதில் வரும்வரை மூன்றாம் ஓலை வாசிக்க முடியாது என்று சொல்லிவிட்டார். சொன்னது யார் என்று செபஸ்தியம்மாள் கேட்டதற்கு, அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை அம்மா என்றார்.

பதில் பிப்ரவரி பதினைந்தாம் தேதி வந்தது. பழைய சட்டத்தில் அப்படி ஒரு தடை இருந்தது, அது மாறிப் பத்து வருடம் ஆகிறது, இப்போது எந்தத் தடையும் இல்லை, தாராளமாக நடத்தலாம் என்று எழுதியிருந்தது. மறுநாள் விபூதிப் புதன். தவக்காலம் ஆரம்பித்துவிட்டால் ஈஸ்டர் வரைக்கும் கல்யாணப் பேச்சே கிடையாது. ஸ்டான்லி இருபத்தைந்தாம் தேதி விமானம் ஏறினான். அடுத்த லீவு அவனுக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் கிடைத்தது.

அந்த இரண்டு வருடமும் பிரிஸ்கில்லா, தைத்து வைத்த ஜாக்கெட்டுகளைப் பிரித்துத் தைத்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். என்ன, ஓலை நின்னுபோச்சாமே என்று தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்ற பெண்கள்கூடக் கேட்டார்கள். 1996இல் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பிரிஸ்கில்லா மஸ்கட்டுக்குப் போய் நன்றாகவே இருக்கிறாள். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதால்தான் அது பகையாக முடியாமல் போனது. நஷ்டம் என்று காட்ட ஒன்றும் இல்லாத இடத்தில் மனத்தாங்கல் வேர் நன்றாக ஓடும்.

சொன்னது வினோலியாதான் என்பதில் செபஸ்தியம்மாளுக்கு ஒரு நிமிடமும் சந்தேகம் இருக்கவில்லை. கோவிலைக் கூட்டுகிற சுந்தரம்மாள், அந்தத் திங்கட்கிழமை பொழுது சாய வினோலியா சாமியார் பங்களாவிலிருந்து குனிந்த தலையோடு, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, விறுவிறுவென்று வெளியே வந்ததைக் கண்ணால் பார்த்திருந்தாள். காரணமும் இருந்தது. ஸ்டான்லியைத் தன் தம்பி மகளுக்குக் கேட்கலாமா என்று வினோலியா ஒரு சமயம் வாய்விட்டிருந்தாள். இதற்கு மேல் என்ன வேண்டும்.

அண்ணன் ராயப்பராஜ் மேல் அவளுக்கு ஒன்றும் இல்லை. அவர் என்ன செய்வார் பாவம். சின்ன வயதில் சாமியாராவதற்காக நான்கு வருடம் குருமடத்தில் படித்துவிட்டு, அழைத்தல் இல்லையென்று திரும்பி வந்தவர். பிறகு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பூசையில் சாமியார் ஒரு மந்திரத்தைத் தாண்டிவிட்டால் வெளியே வந்து மரியாதையாக நினைவுபடுத்துவார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மறந்துபோனால் மறுநாள் அதே பஸ்ஸில் ஏறி இரண்டு டிக்கெட் எடுத்து ஒன்றைக் கிழித்துப் போடுவார். மனசாட்சி என்றால் அது ராயப்பராஜ் சாருடைய மனசாட்சி என்று பங்குக் கோவில் சனங்களிடம் ஒரு பேச்சு இருந்தது.

மேட்டுப்பட்டியில் இருந்த அண்ணன் வீட்டில் செபஸ்தியம்மாள் அன்றைக்குப் பிறகு பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. ஆனால் அண்ணன் மரியநாதபுரத்தில் அவள் வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தார். ஈஸ்டருக்கும் கிறிஸ்துமசுக்கும் நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்து, ஈரலைத் தனியாக வதக்கி அவர் தட்டில் வைப்பாள். வைத்துக்கொண்டே வினோலியாவைப் பற்றிச் சொல்வாள். அவர் எலும்பைக் கடித்துக்கொண்டே கேட்பார். கடைசியில் கையைக் கழுவிவிட்டு, மன்னிப்பதைப் பற்றி மத்தேயு எந்த அதிகாரத்தில் எழுதியிருக்கிறார் என்று வசன எண்ணோடு சொல்லிவிட்டுப் போவார். இப்படி ஒரு மனுசனுக்கு இப்படி ஒருத்தி வாய்த்தாளே என்று செபஸ்தியம்மாள் தட்டை எடுப்பாள்.

இனி அவள் பழி வாங்கிய விதம்.

பூசையில், நன்மை என்கிற நற்கருணை அப்பம் வாங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒருவருக்கொருவர் சமாதானம் தெரிவித்துக்கொள்ளுங்கள் என்று சாமியார் சொல்வார். எல்லோரும் இடமும் வலமும் திரும்பிக் கைகூப்புவார்கள். இந்தச் சடங்கை இதற்கு முன் யாரும் ஆயுதமாகப் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. 1994 தவக்காலத்தின் முதல் ஞாயிறு, பெண்கள் பக்கம் வினோலியா உட்காரும் பெஞ்சுக்கு நேர் முன் பெஞ்சில் செபஸ்தியம்மாள் போய் உட்கார்ந்தாள். நேரம் வந்ததும் இடம் வலம் எதையும் பார்க்காமல் அப்படியே முழு உடம்போடு திரும்பினாள். கையை நெற்றிவரை உயர்த்திக் கூப்பி, தலையை நன்றாகத் தாழ்த்தி, "சமாதானம் மதினி" என்றாள். மற்றவர்கள் எல்லாம் பீடத்துப் பக்கம் திரும்பிய பிறகும் அவள் திரும்பவில்லை. மூன்று எண்ணும் நேரம் அப்படியே நின்றாள். வினோலியா கைகூப்பித்தான் ஆகவேண்டியிருந்தது. பீடத்துக்கு முன்னால் வேறு என்ன செய்ய முடியும்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும். வாரத்தில் மற்ற நேரமெல்லாம் கடைத்தெருவில் எதிரே பார்த்தால் இருவரும் புடவைக் கடைப் பொம்மையைப் பார்ப்பதுபோலப் பார்த்துப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிப் பூசையில் மட்டும் அந்தக் கும்பிடு. வினோலியா ஐந்தரை மணி முதல் பூசைக்கு மாறிப் பார்த்தாள். இரண்டாம் வாரம் அங்கே முன் பெஞ்சில் செபஸ்தியம்மாள் இருந்தாள். வலப்பக்கத்துத் தூணுக்குப் பின்னால் இடம் பிடித்தாள். தூணுக்கு முன்னாலும் பெஞ்சு இருந்தது. ஒரு சமயம் ஊருக்கு வெளியே பாதிக்குப் பாதி ஓடு போட்ட ஒரு கிளைக் கோவிலுக்கே போய்விட்டாள். மூன்று வாரம் நிம்மதியாக இருந்தது. நான்காம் வாரம் செபஸ்தியம்மாள் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

"நீ சமாதானத்துக்குப் போறியா, சண்டைக்குப் போறியா?" என்று கேட்டார் புருசன் கிளெமென்ட். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வண்டிகள் நேரத்துக்கு வந்தால் போதும் என்று வாழ்கிறவர்.

"சமாதானத்துக்குத்தான்."

"அதுக்கு எதுக்குடி மூணு பஸ் மாறுற?"

இதில் பெரிய வேடிக்கை, வினோலியாவால் இதைப் பற்றி யாரிடமும் குறை சொல்ல முடியவில்லை. என் நாத்தனார் வாராவாரம் எனக்குச் சமாதானம் சொல்கிறாள் என்று எந்த வாயால் சொல்வது. ஒரு தடவை பொறுக்க முடியாமல் பங்குச் சாமியாரிடமே சொல்லிப் பார்த்தாள். அவர் மனம் உருகிப்போய், பெயர் சொல்லாமல், நம் பங்கில் ஒரு சகோதரி எப்படிச் சமாதானம் சொல்கிறார் பாருங்கள் என்று அடுத்த வாரம் பிரசங்கத்தில் வைத்துவிட்டார். அன்றைக்குச் செபஸ்தியம்மாள் நான்கு எண்ணும் நேரம் நின்றாள்.

இப்படி ஒன்பது வருடத்துக்கு மேல் போனது. 2004 ஜனவரி இருபத்தைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிவில், வினோலியாவின் மகன் ஜெரோமுக்கும் வத்தலக்குண்டில் ஒரு பெண்ணுக்கும் முதல் ஓலை வாசித்தார்கள். கல்யாணம் பிப்ரவரி பதினெட்டு, அதுவும் புதன்கிழமை. விபூதிப் புதன் இருபத்தைந்தாம் தேதி. தடை தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்ற வரியை வாசித்தபோது, கோவிலில் இரண்டு பேர் செருப்பைப் பற்றி நினைக்கவில்லை.

செபஸ்தியம்மாள் அன்று இரவு சாப்பிடும்போது இதை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். ஜெரோமுக்கும் அந்தப் பெண்ணுக்கும் எந்த உறவும் கிடையாது. ஏதாவது ஒன்றைக் கட்டிச் சொல்லலாம்; ஆனால் பொய் பாவம், அதற்குப் புத்தகத்தில் பக்கம் உண்டு. அது போக, காலம் வேறு அவளுக்கு எதிராகத் திரும்பியிருந்தது. போன வருடம்தான் திண்டுக்கல் தனி மறைமாவட்டம் ஆகியிருந்தது. ஊரே கொடி கட்டிக் கொண்டாடியது. அவளும் பலகாரம் செய்தாள். இப்போதுதான் அதன் நஷ்டம் தெரிந்தது. கடிதம் திருச்சிக்குப் போய் வர வேண்டியதில்லை. பங்குச் சாமியார் காலைப் பலகாரத்துக்கு அப்புறம் மொபெட்டை எடுத்தால் பதினொரு மணிக்குப் பதிலோடு வந்துவிடுவார்.

ஆகவே சொல்லிப் பிரயோசனமில்லை. சொன்னால் அரை நாளில் தீர்ந்துவிடும். சொல்லாமல் இருந்தால்தான் மூன்று வாரம் நீளும்.

மறுநாள் திங்கட்கிழமை பொழுது சாய, வினோலியா வழக்கமாக எதிரே மாதா சொரூபம் வைத்த கெபியில் மெழுகுவர்த்தி ஏற்றும் நேரம் பார்த்து, செபஸ்தியம்மாள் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சாமியார் பங்களாவுக்குள் போனாள். உள்ளே பேரனுடைய ஞானஸ்நானச் சான்றிதழுக்கு இன்னொரு நகல் கேட்டாள். கேட்டு வாங்கி, செத்த நேரம் உட்கார்ந்து விசிறியைப் பார்த்துவிட்டு, குனிந்த தலையோடு விறுவிறுவென்று வெளியே வந்தாள். கெபிக்கு முன்னால் வினோலியாவின் கையில் தீக்குச்சி விரல்வரை எரிந்துகொண்டிருந்தது.

இரண்டாம் ஓலைக்கு மறுநாளும் போனாள். இந்தத் தடவை பங்களாவில் சமைக்கிற அம்மாளிடம் ஒரு கொத்துக் கறிவேப்பிலை வாங்கினாள். அது பைக்குள் இருந்தது. வெளியே தெரிந்ததெல்லாம் குடையும் குனிந்த தலையும்தான்.

அந்த வாரம் வினோலியா வீட்டில் பந்தல்காரர் வந்து அளந்துவிட்டுப் போனார். வத்தலக்குண்டிலிருந்து பெண் வீட்டார் போன் போட்டு, எல்லாம் சரியா இருக்குல்ல என்று சும்மா கேட்டார்கள். ஜெரோம், அம்மாவுக்கு என்னவோ ரத்தக்கொதிப்பு ஏறியிருக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். இவையெல்லாம் செபஸ்தியம்மாள் காதுக்கு வந்தன. அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள். தன் மகளுடைய ஜாக்கெட்டுகள் நினைவுக்கு வந்தன.

சனிக்கிழமை, மூன்றாம் ஓலைக்கு முதல் நாள், பிற்பகல் மூன்று மணி வெயிலில் வினோலியா தனியாக வந்து வாசலில் நின்றாள். குடையை மடக்கக்கூட மறந்திருந்தாள். செபஸ்தியம்மாள், "வாங்க மதினி" என்று சொல்லி நாற்காலி போட்டு, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். முற்றத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கிளெமென்ட், படித்த பக்கத்தையே மறுபடி படிக்க ஆரம்பித்தார்.

வினோலியா தண்ணீரைக் குடித்து முடித்துச் சொம்பைக் கீழே வைத்தாள்.

"செபஸ்தி, என் மேல ஒனக்கு என்ன மனத்தாங்கல்?"

பத்து வருடம் காத்திருந்த கேள்வி.

"ஒண்ணுமில்ல மதினி."

"இல்ல. ஏதோ இருக்கு. சொல்லு."

"எனக்கென்ன மதினி இருக்கு? நீங்க நல்லாருந்தா சரி."

இரண்டு ஆகிவிட்டது. மூன்றாவதற்கான பதில் அவளிடம் வரி வரியாகத் தயாராக இருந்தது. ஜனவரி முப்பத்தொன்றில் ஆரம்பித்து, குடை, தம்பி மகள், விமானம், ஜாக்கெட் என்று வரிசையாக வரும். எங்கே நிறுத்தி மூக்கைத் துடைப்பது என்பதுவரை முடிவாகியிருந்தது. அவள் முந்தானையை இழுத்துச் சரி செய்துகொண்டாள்.

வினோலியா மூன்றாம் தடவை கேட்கவில்லை. வேறொன்று கேட்டாள். "நாளைக்கு ஓலையில நீ ஏதும் சொல்லப் போறியா?"

"நான் எதுக்குச் சொல்றேன்? போய்ச் சொல்றதெல்லாம் ஒங்க வீட்டு வழக்கம்ல."

வினோலியா தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"எங்க வீட்டு வழக்கந்தான். ஆனா சொன்னது நான் இல்ல. ஒங்க அண்ணன்."

முற்றத்தில் பேப்பர் சத்தம் நின்றது.

வினோலியா சொன்னதை அவள் சொன்னபடி இங்கே எழுதினால் நீளும். பிரிஸ்கில்லாவின் முதல் ஓலை வாசித்த அன்றிலிருந்து ராயப்பராஜுக்குத் தூக்கமில்லை. குருமடத்தில் படித்த பழைய சட்டம் நினைவுக்கு வந்துவிட்டது. மூன்றாம் தலைமுறை ரத்தம், தடை உண்டு, தெரிந்தும் சொல்லாதவன் பாவத்துக்குப் பங்காளி. சட்டம் மாறியது அவருக்குத் தெரியாது. யாரிடமாவது கேட்கலாம் என்றும் தோன்றவில்லை, ஏனென்றால் அவரிடம்தான் மற்றவர்கள் கேட்பது வழக்கம். இரண்டாம் ஓலைக்கு மறுநாள் மத்தியானம், பள்ளிக்கூட இடைவேளையில், பின்பக்கக் கேட் வழியாகப் பங்களாவுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். சாயந்திரம் வீட்டுக்கு வந்து, மனசு லேசாகிவிட்டது என்று காப்பி கேட்டார். விஷயம் தெரிந்ததும் வினோலியா அடுப்பை அணைத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். அவர் சொன்னதைப் பெரிசாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பிள்ளையின் கல்யாணம் நின்றுபோகும் என்று சாமியாரிடம் கெஞ்சியிருக்கிறாள். சாமியார் அதற்குள் கடிதத்தை ஒட்டிவிட்டார்.

"அப்ப சுந்தரம்மா பாத்தது..."

"கெஞ்சிட்டு வந்ததத்தான் பாத்துருப்பா."

"இத ஏன் மதினி நீங்க சொல்லல?"

"நீ வந்து கேக்கல."

"கேட்டிருந்தா?"

"ஒண்ணுமில்லன்னுதான் சொல்லிருப்பேன்." வினோலியா கொஞ்சம் யோசித்தாள். "மூணாந் தடவ கேட்டிருந்தா சொல்லிருப்பேன்."

செபஸ்தியம்மாள் குனிந்து காலிச் சொம்பை எடுத்துக்கொண்டாள். பத்து வருடமாக இவள் வந்து கேட்பாள் என்று தான் உட்கார்ந்திருந்தது போலவே, தான் போய்க் கேட்பேன் என்று அவளும் மேட்டுப்பட்டியில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். தயாராக வைத்திருந்த வரிகள் எல்லாம் வாயில் நின்றன. சொல்ல ஆள் இல்லை. அப்போதுதான் அவளுக்கு ஈரல் ஞாபகம் வந்தது. பத்து ஈஸ்டர், பத்து கிறிஸ்துமஸ்.

"நான் ஒங்களத்தான் நெனச்சிட்டிருந்தேன்னு அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? வாராவாரம் நீ கும்பிடுறத ஆம்பளைக பக்கத்துலருந்து பாத்துட்டுத்தான இருந்தாரு. நீங்களே போய்ச் சொல்லுங்கன்னு எத்தன தடவ சொன்னேன். அவளா ஒருநா ஆறிருவா, நீ பொறுத்துக்க, பொறுக்கிறது புண்ணியம்னாரு."

"ஓகோ" என்றாள் செபஸ்தியம்மாள். பிறகு, "மத்தேயு பதினெட்டு, இருபத்திரண்டு" என்று தனக்குள் சொன்னாள். எண் அவளுக்கே மனப்பாடமாகியிருந்தது.

மன்னிப்பு என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. செபஸ்தியம்மாள் எழுந்து, "காப்பி குடிக்கிறீகளா?" என்று கேட்டாள். "சீனி கம்மியா" என்றாள் வினோலியா. கொதிக்கும் பாலைப் பார்த்தபடி செபஸ்தியம்மாள் உள்ளேயிருந்து கேட்டாள், "அந்தக் கும்பிடு ஒங்களுக்கு ரொம்பச் சங்கட்டமா இருந்துச்சா மதினி?"

"சனிக்கெழமையே வயித்தக் கலக்கிரும்."

செபஸ்தியம்மாள் தலையாட்டினாள். வேலை செய்திருக்கிறது, அது தெரிந்தால் போதும்.

மறுநாள் மூன்றாம் ஓலை. செபஸ்தியம்மாள் வழக்கம்போல வினோலியாவுக்கு முன் பெஞ்சிலேயே உட்கார்ந்தாள், ஆனால் நடுவில் அல்ல, ஆண்கள் பக்கத்தை ஒட்டிய ஓரத்தில். அந்தப் பக்கம் மூன்றாம் பெஞ்சில் ராயப்பராஜ், வெள்ளைச் சட்டையில், பாட்டுப் புத்தகம் இல்லாமலே பாடிக்கொண்டிருந்தார். சமாதானத்தின் நேரம் வந்தது. செபஸ்தியம்மாள் பின்னால் திரும்பவில்லை. நடைபாதையைப் பார்த்து முழு உடம்போடு திரும்பினாள். கையை நெற்றிவரை உயர்த்தி, தலையைத் தாழ்த்தி, "சமாதானம் அண்ணே" என்றாள்.

ராயப்பராஜ் முதலில் சிரித்துக்கொண்டேதான் கைகூப்பினார். அவள் திரும்பவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. அவருடைய கண் தங்கையைத் தாண்டிப் பின் பெஞ்சுக்குப் போயிற்று. அங்கே வினோலியாவும் அவரைப் பார்த்துத்தான் கைகூப்பி நின்றாள். நான்கு, ஐந்து. கூப்பிய கையை இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் நெஞ்சுக்கு நேரே வைத்தபடி நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அடுத்த மந்திரம் அவருக்கு மறந்துபோனது.

பூசை முடிந்து ஓலை வாசித்தார்கள். தடை என்று யாரும் எங்கேயும் போகவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் ராயப்பராஜ் தங்கையைத் தேடிக்கொண்டு வந்தார். சட்டைக்காலரை இரண்டு தடவை சரி செய்துகொண்டார்.

"என்ன தாயி, அண்ணன் மேல ஏதும் மனத்தாங்கலா?"

செபஸ்தியம்மாள் குடையை விரித்தாள்.

"ஒண்ணுமில்லண்ணே."

பழைய திருச்சபைச் சட்டமெல்லாம் படித்தவர்தான், ஆனால் இந்தச் சட்டத்தை அவருக்குக் குருமடத்தில் யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டார். அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டு, கல்யாண வேலைகளைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த வருடம் ஈஸ்டருக்கும் அவர் மரியநாதபுரத்துக்குச் சாப்பிட வந்தார். செபஸ்தியம்மாள் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். ஈரலை வதக்கி, அவர் தட்டைத் தாண்டி எடுத்துக்கொண்டு போய், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மதினிக்கு வைத்தாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நடைபாதை ஓரத்து இடம் அவளுக்கென்றே ஆகிவிட்டது. செபமாலையின் கடைசிப் பத்து மணியையும் இப்போது பெயர் மாற்றி, அண்ணனுடைய ஆயுசுக்கு ஒப்புக்கொடுத்து வருகிறாள். இன்னும் இரண்டு தடவை அவர் கேட்க வேண்டியிருக்கிறது.